டிக்கெட்டின் பின்பக்கத்து வரி

கருவடிக்குப்பம், புதுச்சேரி
11-6-2020

அன்புத் தங்கை தாமரைச்செல்விக்கு,

இங்கு நலம். அங்கும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன். முழங்காலுக்குக் கொடுத்தனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை வழக்கம்போல் உன் மெஸ்ஸில் வேலை செய்யும் பெண்களுக்குத் தானம் செய்துவிட்டாயா?

இந்தக் கடிதத்தைப் பால் வண்டி கன்னியப்பன் கொண்டுவருவார். தடுப்பைத் தாண்டிப் போகும் சீட்டு இப்போது அவரிடம்தான் இருக்கிறது. கருவடிக்குப்பமும் புதுச்சேரிதான், சேதராப்பட்டும் புதுச்சேரிதான். நடுவில் கொஞ்சம் தமிழ்நாடு வந்துவிட்டதால் அக்காவும் தங்கையும் அயல்நாட்டுக்காரர்கள் ஆகிவிட்டோம்.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் 28 அன்று நடக்க இருந்த எங்கள் பழைய மாணவியர் சங்கத்தின் பாட்டு நிகழ்ச்சி நடக்கவில்லை. மண்டபத்துக்காரர் முன்பணத்தைத் தரமாட்டாராம்; ஓராண்டுக்குள் வேறொரு நாள் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வவுச்சர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைப் பார்த்ததும் தலைவி செந்தமிழ்ச்செல்விக்கு ஒரே உற்சாகம். டிக்கெட் வாங்கியவர்களுக்கும் நாம் அதேபோல் ஒரு வவுச்சர் கொடுத்துவிடலாம், அடுத்த மார்ச்சுக்குள் நடத்திவிடலாம் என்கிறாள்.

நான் மறுத்துவிட்டேன். டிக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார். ‘நிகழ்ச்சி நடைபெறாவிடில் கட்டணம் திருப்பித் தரப்படும்.’ பொருளாளர் என்ற முறையில் அந்த வரியை எழுதி அச்சுக்குக் கொடுத்தவள் நான். அச்சில் வந்த சொல்லைக் காப்பாற்ற வேண்டும்.

உன் ஊரில் நீ விற்ற இருபத்திரண்டு டிக்கெட்டுகளையும் திரும்ப வாங்கு. இத்துடன் இருபத்திரண்டு படிவங்கள் வைத்திருக்கிறேன். பெயர், டிக்கெட் எண், கையெழுத்து. கைநாட்டு வைப்பவர்களுக்குப் பக்கத்தில் நீ சாட்சி போடு. பென்சிலில் எழுதாதே.

போனில் இதைப் பேசாதே. எழுத்தில் இருக்கட்டும்.

அக்கா,
சு. ஆதிலட்சுமி
பொருளாளர்


சேதராப்பட்டு
19-6-2020

அன்புள்ள அக்காவுக்குத் தாமரை எழுதுவது.

நான் சுகம். தைலத்தை நானேதான் தேய்க்கிறேன். முழங்கால்தான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட ஆள் விடுவதில்லை. பொட்டலம் கட்டித்தான் கொடுக்கிறோம். கம்பெனிகளில் பாதி திறந்து, பாதி மூடி இருக்கின்றன. நீ ரசம் வைத்துக் குடிக்கிறாயா? தனி ஆளுக்கு எதற்கு என்று பிரெட்டோடு முடித்துவிடாதே.

தங்கைக்கு எழுதுகிற கடிதத்தில் பொருளாளர் என்று கையெழுத்துப் போட்ட முதல் அக்கா நீதான். படித்துவிட்டுக் கன்னியப்பனே சிரித்துவிட்டார். (ஒட்டாத கவரைக் கொடுத்தால் படிக்கத்தான் செய்வார்.)

டிக்கெட் விஷயம் நீ நினைக்கிற மாதிரி இல்லை. இவர்களுக்குப் பணம் வேண்டாமாம். சுடர்விழியை உனக்கு ஞாபகம் இருக்கும். தகடு அடிக்கிற கம்பெனியில் வேலை செய்கிற பெண். மெஸ் திறந்த அன்று பூசையில் நீ பாடினாயே, அதைக் கேட்டுவிட்டு அன்றைக்கு ஷிப்டுக்கே லேட்டாகப் போனவள். அவளிடம் படிவத்தை நீட்டினேன்.

“பெரிம்மா, நான் துட்டு கேட்டனா? டிக்கெட்ட உங்க கிட்ட குடுத்துட்டா அன்னிக்கி நான் எங்க குந்துவேன்? டீச்சரம்மா பாடறப்ப வாசல்ல நிக்கிறதா?”

“ப்ரோக்ராமே இல்லடி.”

“இப்ப இல்ல. அப்புறமா வைக்காமலா பூடுவாங்க?”

மற்றவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். செந்தமிழ் அக்கா சொல்கிற மாதிரி வவுச்சரே கொடுத்துவிடேன். யாருக்கு என்ன நஷ்டம்?

இன்னொன்று. நீ பேசாதே என்று எழுதியிருந்தாலும் உனக்கு நாலு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. எங்கே போயிருந்தாய்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
தாமரை


கருவடிக்குப்பம்
27-6-2020

அன்புத் தங்கைக்கு,

நலம். ரசம் வைக்கிறேன். கவரை ஒட்டியிருக்கிறேன்.

நீ போன் செய்த நேரத்தில் நான் குளித்துக்கொண்டிருந்திருப்பேன். அல்லது மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்திருப்பேன். நாலு தடவையும் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கணக்குச் சொல்ல எனக்கு வயது எழுபத்தாறு, ஆறு அல்ல.

உன் பெண்கள் பணம் வேண்டாம் என்பது பெருந்தன்மை. ஆனால் அது விதி அல்ல. அடுத்த மார்ச்சில் உலகம் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? நடக்குமா நடக்காதா என்று தெரியாத ஒன்றுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு அதன்கீழ் என் பெயரையும் போட என்னால் முடியாது.

ஊரில் இருப்பவர்கள் வந்து வாங்கிப்போகத் தொடங்கிவிட்டார்கள். முதல் வாரம் ஒன்பது பேர். வாசலில் ஒரு மேசை போட்டு, சோப்பும் தண்ணீரும் வைத்திருக்கிறேன். டிக்கெட்டை வாங்கி, ‘ரத்து’ என்று குறுக்கே எழுதி, பணத்தை உறையில் போட்டுத் தருகிறேன். எல்லோரும் முகக்கவசத்தோடு வந்து ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டு போகிறார்கள். முப்பது ஆண்டு பள்ளிக்கூடத்தில் கத்தியும் நான் கற்றுத்தர முடியாத அமைதியை இந்த நோய் ஒரே மாதத்தில் கற்றுத்தந்துவிட்டது.

படிவங்களை நிரப்பி அனுப்பு. ஜூலை 15 கடைசித் தேதி.

அக்கா,
சு. ஆதிலட்சுமி
பொருளாளர்


சேதராப்பட்டு
13-7-2020

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? நான் சுகம். இந்தக் கடிதத்தை நாலு நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். கடைசியில் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

போன திங்கட்கிழமை சுடர்விழி உன் வீட்டுக்கு வந்தாள். கம்பெனி பஸ் உன் ஊர்ப் பக்கம் வந்ததாம், உன்னிடம் நேரில் கேட்டுவிடலாம் என்று ஏறிவிட்டாள். திரும்பி வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கையில் உன் உறை.

“அஞ்சு தபா சொன்னேன் பெரிம்மா. துட்டு வாணாம் டீச்சரம்மா, டிக்கெட்டே இருக்கட்டும், நீங்க எப்ப பாடினாலும் வரேன்னு. அவங்க என்னையே பாத்துக்கினு இருந்தாங்க. ‘ரொம்ப சந்தோஷம்’னு சொல்லிட்டு டிக்கெட்ட வாங்கி ரத்துன்னு எழுதிட்டாங்க. கவர கையில வச்சி அமுக்கிட்டு உள்ள போயிட்டாங்க. எம்மேல இன்னா கோவம்?”

எனக்கும் புரியவில்லை அக்கா. உன் வீட்டு வாசலுக்கு வந்தவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை என்று எழுதியிருந்தாய். இவள் பேசியிருக்கிறாளே. வாய் ஓயாத பெண் ஆயிற்றே.

கன்னியப்பனிடம் விசாரித்தேன். அவர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். “வண்டிய நிறுத்திட்டு பத்து நிமிஷம் ஹாரன் அடிச்சேம்மா. அவங்க ஜன்னல் கிட்ட நின்னு செடிக்கித் தண்ணி ஊத்திக்கினு இருக்காங்க. திரும்பவே இல்ல. பெரிய எடத்துக்காரங்கன்னு நெனச்சிக்கினேன்.”

உனக்கு எங்கள்மேல் ஏதாவது வருத்தமா? இருந்தால் சொல்லிவிடு. படிவங்களை அனுப்பவில்லை. மெஸ் அலமாரியில் அப்படியே இருக்கின்றன.

தாமரை


கருவடிக்குப்பம்
20-7-2020

தாமரைச்செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

என் வாசலில் என்ன நடந்தது என்பதை எனக்குப் பால் வண்டிக்காரரும் தகடு அடிக்கும் பெண்ணும் சொல்லித் தெரிய வேண்டிய நிலை இன்னும் வரவில்லை. அந்தப் பெண் வந்தாள், டிக்கெட்டைக் கொடுத்தாள், பணத்தைப் பெற்றாள். அவள் பெயருக்கு நேரே குறித்திருக்கிறேன்.

இனி எழுதினால் டிக்கெட் பற்றி மட்டும் எழுது. கடைசித் தேதி தாண்டிவிட்டது.

சு. ஆதிலட்சுமி
பொருளாளர்


கருவடிக்குப்பம்
24-8-2020

அன்புத் தாமரைக்கு,

சுகமாக இருக்கிறாயா?

என் போன கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. கோபம் என்று நினைத்தேன். கோபப்பட உனக்கு உரிமை உண்டு என்றும் நினைத்தேன். ஆனால் கன்னியப்பன் வண்டியும் பன்னிரண்டு நாளாக வரவில்லை. சேதராப்பட்டில் இரண்டு தெருவைத் தகரம் வைத்து அடைத்திருக்கிறார்கள் என்று பேப்பரில் இருக்கிறது. எந்தத் தெரு என்று போடவில்லை. செய்தி எழுதுகிறவனுக்குத் தெருவின் பெயர் முக்கியமில்லையா?

நேற்றுக் காலை உனக்குப் போன் செய்தேன். எடுத்தார்கள். நீதான் எடுத்திருப்பாய் என்று நினைக்கிறேன். பேசுவது கேட்டது, என்ன சொல்கிறாய் என்று பிடிபடவில்லை. அழுவது போலவும் இருந்தது, சிரிப்பது போலவும் இருந்தது. லைன் சரியில்லை. சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு எதற்குச் சரி சொன்னேன் என்று பயம் வந்துவிட்டது. நீ மோசமாக இருக்கிறாய் என்று யாராவது சொல்லி, அதற்கு நான் சரி என்று சொல்லியிருந்தால்?

பக்கத்து வீட்டுக்காரரைப் பேசச் சொல்லலாம் என்று வாசல்வரை போனேன். ஏன் நீங்களே பேசவில்லை என்று கேட்பார். திரும்பி வந்துவிட்டேன்.

இதைத் தபாலில் போடுகிறேன். டிக்கெட் பற்றி எதுவும் எழுத வேண்டாம். நலம் என்று ஒரு வரி போதும். உன் கையால் எழுதியதாக இருக்கட்டும். பென்சிலில் எழுதினாலும் பரவாயில்லை.

அக்கா


சேதராப்பட்டு
9-9-2020

அன்புள்ள அக்கா,

நலம். இதை என் கையால்தான் எழுதுகிறேன். பேனாவில்.

எனக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் இருந்தேன். ஆக்சிஜன் மூன்று நாள் வைத்தார்கள். ஆம்புலன்சில் ஏறின அவசரத்தில் போனை மெஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். சுடர்விழிதான் அதை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே கஞ்சி கொண்டுவந்து வைத்ததும் அவள்தான். இப்போது வீட்டில் இருக்கிறேன். வாய்க்கு ருசி மட்டும் வரவில்லை. நான் சமைப்பதை நானே சாப்பிடும்போது அது ஒரு வசதி.

நீ போன் செய்தபோது எடுத்தவள் சுடர்விழி. “பெரிம்மா ஆஸ்பத்திரில இருக்காங்க, ஆனா நல்லா இருக்காங்க, பயப்படாதீங்க டீச்சரம்மா”ன்னு நாலு தடவை சொன்னாளாம். அவள் அழவில்லை. வெளியே நின்று கத்திச் சொன்னாளாம். நீ “சரி, லைன் சரியில்லை” என்று வைத்துவிட்டாயாம்.

அக்கா, லைன் நன்றாகத்தான் இருந்தது.

தாமரை


கருவடிக்குப்பம்
16-9-2020

என் அன்புத் தாமரைக்கு,

நீ நலமாகத் திரும்பியதற்கு எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், மணக்குளத்துப் பிள்ளையாருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்து மாதாவுக்கும் சேர்த்தே சொன்னேன்.

ஆமாம். லைன் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

வலது காது போய் ஐந்து ஆண்டாகிறது. இடது காது கொஞ்சம் கொஞ்சமாக அதன் பின்னால் போனது. உன் அத்தானைத் தவிர யாருக்கும் தெரியாது. வெளியே போனால் அவர் எப்போதும் என் இடப்பக்கம் உட்காருவார். யாராவது என்னிடம் பேசத் தொடங்கினால் என் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டுவார். பேசி முடித்ததும் இரண்டு தட்டு. ‘முடித்துவிட்டார்கள், இனி நீ பேசலாம்’ என்று அர்த்தம். நடுவில் என்ன பேசினார்கள் என்பதை நான் உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வேன். ஆதிலட்சுமி டீச்சர் எவ்வளவு கவனமாக முகத்தைப் பார்த்துக் கேட்கிறார்கள் என்று ஊரே மெச்சியது.

அவர் போன பிறகு தட்ட ஆள் இல்லை. உதடு இருந்தது, சமாளித்தேன். மார்ச் மாதம் ஊர் முழுவதும் உதட்டையும் மூடிக்கொண்டது.

உன் சுடர்விழி என் மேசைக்கு முன்னால் நின்றபோது எனக்குத் தெரிந்தது இரண்டு கண்களும் ஒரு நீலத் துணியும்தான். துணி அசைந்தது. டிக்கெட் கையில் இருந்தது. பணத்துக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மற்றவர்களும் அப்படியே. எத்தனை பேர் வேண்டாம் என்று சொன்னார்களோ, எனக்குத் தெரியாது. நான் எல்லோருக்கும் ரொம்ப சந்தோஷம் என்று சொல்லி அனுப்பினேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரியில் ஒத்திகை நடந்தது. ஒவ்வொரு பாட்டையும் நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். மற்ற பதினோரு பேரும் பின்னால் வருவார்கள். எங்களுக்குப் பாட்டுச் சொல்லித்தந்த கன்னியாஸ்திரீ மேர் செலஸ்தீன் காலத்திலிருந்து அப்படித்தான். எடுத்தேன். ஆர்மோனியக்காரரின் கை நின்றது. பதினோரு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஆர்மோனியத்தின் கட்டைகள் மாறின. நான் தவறாக எடுத்த இடத்துக்கு எல்லோரும் இறங்கி வந்துவிட்டார்கள். சுருதி சேராத சிறு பெண்கள் அழக்கூடாது என்று வகுப்பில் நான் செய்துவந்த வேலை அது, தாமரை. அதை எனக்குச் செய்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து நிகழ்ச்சி நின்றுபோக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். மழை வரட்டும், மண்டபத்தில் கரண்ட் போகட்டும் என்று வேண்டினேன். பிறகு ஒருநாள் டிவியில் ஊரடங்கு என்று எழுத்து ஓடியது. அப்பாடா என்றேன். சத்தமாகச் சொன்னேனா, மனதுக்குள் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. அடுத்தடுத்த நாள் பேப்பரில் வந்த எண்ணிக்கையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அப்பாடா தொண்டையில் வந்து நிற்கும். போன மாதம் அந்த எண்ணிக்கையில் நீ இருந்தாய்.

அதனால்தான் வவுச்சர் வேண்டாம் என்றேன். வவுச்சர் என்றால் இன்னொரு தேதி. பணம் திருப்பித் தந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. டிக்கெட்டின் பின்பக்கத்து வரியின் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.

இதை யாரிடமும் சொல்லாதே. முக்கியமாகச் செந்தமிழ்ச்செல்வியிடம். மீதி டிக்கெட்டுகளுக்கும் பணத்தைக் கொடுத்து இதை முடித்துவிடுகிறேன்.

அக்கா


சேதராப்பட்டு
5-10-2020

அன்புள்ள அக்கா,

சுகமா? எனக்கு ருசி திரும்பிவிட்டது. என் சாம்பாரில் உப்பு கூட என்று இப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை பார். எல்லோருக்கும் உன் ஆர்மோனியக்காரர் மாதிரி நல்ல மனசு.

நீ அப்பாடா என்று சொன்னதற்காக உலகத்துக்குக் கொரோனா வரவில்லை. உனக்கு அவ்வளவு செல்வாக்கு இருந்திருந்தால் சங்கத்துக்குத் தலைவி ஆகியிருப்பாய்.

உனக்குக் காது கேட்காது என்று எனக்கு அத்தானின் காரியத்தன்றே சந்தேகம். ஐயர் எழுந்திரு என்றபோது நீ உட்கார்ந்தே இருந்தாய். துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு.

அக்கா, அம்மாவுக்கும் காது கேட்காது. ஆலையில் இருபது வருஷம் மிஷின் பக்கத்தில் நின்றவளுக்கு வேறு எப்படி இருக்கும்? நீ ஐந்தாவது படித்தபோது உன் பள்ளிக்கூடத்து விழாவுக்கு அவள் வந்தாள். “எம்பொண்ணுதான், எம்பொண்ணுதான்”னு கத்தினாள். அவளுக்கு அது கத்தலாகத் தெரியவில்லை. அடுத்த வருஷம் நீ அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாய். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. உன் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும் என்பதற்காக எழுதுகிறேன்.

இங்கே தகடு அடிக்கிற பெண்களில் பாதிப் பேருக்குக் காது மந்தம்தான். சாப்பிடும்போது கையை ஆட்டித்தான் பேசுகிறார்கள். சாம்பார் என்றால் இரண்டு விரல், மோர் என்றால் கட்டை விரல். எவளும் வெட்கப்படவில்லை. சுடர்விழிக்கே ஒரு பக்கம் கேட்காது. அதனால்தான் முன்வரிசை டிக்கெட் வாங்கினாள்.

அவளிடம் மட்டும் சொன்னேன். கோபித்துக்கொள்ளாதே. “அய்ய, அதான் விசயமா? நான்கூட அவங்களுக்கு என்னைப் பிடிக்கலன்னு நெனச்சி நாலு நாளு சோறு துன்னல” என்று சிரித்தாள். நீ கொடுத்த உறையை அவள் பிரிக்கவே இல்லை. அதை உன்னிடமே கொடுத்து டிக்கெட்டைத் திருப்பி வாங்கப் போகிறாளாம்.

நீ பாடத்தான் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உனக்குப் பாட முடியவில்லை என்பதற்காக எங்களைக் கேட்கவும் விடாமல் செய்யாதே.

தீபாவளிக்கு வருகிறேன். காது டாக்டரிடம் போகிறோம். மாட்டேன் என்று பதில் எழுதாதே, கன்னியப்பனிடம் பிரித்துப் படித்துக் கிழித்துப் போடச் சொல்லிவிட்டேன்.

தாமரை


கருவடிக்குப்பம்
2-12-2020

அன்புத் தாமரைக்கு,

நலம். நீ ஊர் போய்ச் சேர்ந்தது கன்னியப்பன் சொல்லித் தெரியும். அவர் இப்போது ஹாரன் அடிப்பதில்லை. இறங்கி வந்து ஜன்னலுக்கு முன்னால் நின்று கையை ஆட்டுகிறார்.

காதில் மாட்டிய கருவி எனக்கு இன்னும் பழகவில்லை. தட்டு கழுவும் சத்தத்தை இடி மாதிரி கொடுக்கிறது. மனிதர் பேச்சைக் கிணற்றுக்குள்ளிருந்து கொடுக்கிறது. பாட்டை அது என்ன செய்யும் என்று கேட்டேன். பாட்டுக்கு இது போதாதும்மா என்று டாக்டர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். நேர்மையான மனிதர். கையெழுத்துதான் மோசம்.

நேற்று செந்தமிழ்ச்செல்வி வீட்டுக்குப் போனேன். ஆறடி தள்ளி உட்கார்ந்தேன். இனி நான் பாட்டு எடுத்துக் கொடுக்க இயலாது, காரணம் இது என்று எழுதி வைத்திருந்த தாளை நீட்டினேன். அவள் படிக்கவில்லை. முகக்கவசத்தை இறக்கினாள். என்னை நேராகப் பார்த்து, நான் பிடித்துக்கொள்ளும்படி மெதுவாகச் சொன்னாள்.

“தெரியும்டி ஆதி. பிப்ரவரியிலியே தெரியும். நீயா சொல்லுவேன்னு பாத்தோம்.”

பத்து மாதம். பதினோரு பெண்களுக்கும் ஆர்மோனியக்காரருக்கும் தெரிந்த ஒன்றை நான் கதவைச் சாத்திக் காவல் காத்திருக்கிறேன்.

சங்கம் முடிவு செய்துவிட்டது. மார்ச் 20, சனிக்கிழமை. அதே மண்டபம், ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலி. பாட்டை இனி செந்தமிழ்ச்செல்வி எடுத்துக் கொடுப்பாள். அவள் எடுக்கிற உயரத்துக்குக் கடற்கரையில் பறக்கிற பறவைகள்தான் பின்பாட்டுப் பாட வேண்டும். அது அவள் பாடு.

மறுபடியும் ஏதாவது வந்து நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இந்த முறை நிற்கக்கூடாது என்று பயப்படுகிறேன். புதிய பயம் இது. பழையதைவிடப் பரவாயில்லை.

அக்கா


கருவடிக்குப்பம்
8-3-2021

என் தாமரைக்கு,

நீயும் மெஸ்ஸும் முழங்காலும் நலமா? நான் நலம்.

பேப்பரில் மறுபடியும் எண்ணிக்கை ஏறுகிறது. மண்டபத்துக்காரரிடம் மூன்று தடவை ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டேன். இதுவரை தடை ஒன்றும் இல்லையாம். இருபதாம் தேதிவரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருப்பேன்.

இத்துடன் இருபத்தொரு வவுச்சர்கள் வைத்திருக்கிறேன். அச்சடிக்க நேரமில்லை, என் கையால் எழுதினேன். ‘இதைக் கொண்டுவருபவர் 20-3-2021 நிகழ்ச்சிக்கு அனுமதிக்கப்படுவார்.’ பின்பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. முன்பு நான் பணத்தைத் திணித்து அனுப்பிய ஊர்க்காரர்கள் எல்லோர் வீட்டுக்கும் நானே நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். முகக்கவசத்தை இறக்கிப் பேசச் சொன்னேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஏன் என்றும் சொன்னேன். முதல் வீட்டில் வாசலில் நின்றே சொல்லிவிட்டுத் திரும்பினேன். ஏழாவது வீட்டில் காபி குடித்தேன்.

சுடர்விழியின் பழைய டிக்கெட்டையே அவளுக்கு அனுப்புகிறேன். முன்வரிசை, எண் 118. அதன் குறுக்கே நான் எழுதியிருந்த ‘ரத்து’ என்பதை அடித்து, ‘செல்லும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கணக்குப்படி இது தவறு. இருக்கட்டும். அவள் உறையை அன்றைக்கு நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

எனக்கும் ஒரு டிக்கெட் வாங்கினேன். எண் 120. இத்தனை ஆண்டில் அந்த மேடையை நான் கீழே உட்கார்ந்து பார்த்ததில்லை. 119 காலியாக விட வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஒரே குடும்பம் என்றால் சேர்ந்து உட்காரலாமாம். நீ 119-இல் உட்கார வேண்டும். என் இடப்பக்கம்.

எனக்குப் பாட்டு கேட்காது. கருவியில் ஏதோ ஒரு இரைச்சல் வரும், வாய்கள் அசையும். அது எனக்குப் போதும்; எல்லாப் பாட்டும் மனப்பாடம். ஒரே ஒரு கவலைதான். பாட்டு எப்போது முடிந்தது என்று தெரியாமல் நடுவில் கைதட்டிவிடுவேன். இல்லை, எல்லோரும் தட்டும்போது சும்மா உட்கார்ந்திருப்பேன். உன் பெண்கள் சிரிக்க மாட்டார்கள் என்று தெரியும். இருந்தாலும் எனக்குச் சரியான நேரத்தில் தட்ட வேண்டும்.

அதனால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள். பாட்டு தொடங்கும்போது ஒரு தட்டு. முடிந்ததும் இரண்டு.

அன்று காலையிலேயே வந்துவிடு. போன் செய்யாதே, கதவைத் தட்டாதே. திறந்து வைத்திருப்பேன்.

உன்
ஆதி